வரப்புச் சால் காராமணி

தணிகாசலம் பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார மாட்டார். எதிரே லாரி வந்தால் முதலில் அடிபடுவது அந்த சீட்டுதான் என்பார். கடைசி சீட்டும் ஆகாது, பின்னால் வருகிறவன் மோதிவிட்டால்? நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கும்மிடிப்பூண்டி வரைக்கும் வருவார். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க மாட்டார். தபால்காரன் தெருமுனையில் தெரிந்தாலே யார் செத்தார்கள் என்று அவர் முகம் வெளுத்துவிடும். எங்கள் ஊரில் பயந்த மனுஷன் என்று யாரைச் சொன்னாலும் அவருக்கு அடுத்தபடியாகத்தான் சொல்ல வேண்டும்.

அவர் எனக்குச் சொந்தம் இல்லை. அவர் கொல்லைக்கும் என் கொல்லைக்கும் நடுவில் ஒரே வரப்பு, அவ்வளவுதான். தேர்வாய் கண்டிகைக்குப் போகிற வண்டிப்பாதையில், ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம். மழையை நம்பிக் கிடக்கிற செம்மண். அவருக்கு இரண்டரை ஏக்கர், எனக்கு நான்கு. வயதில் என்னைவிடப் பன்னிரண்டு வருஷம் மூத்தவர். நான் சுப்பராயன். பயம் என்றால் இன்னதென்று தெரியாதவன் என்று அந்தக் காலத்தில் எனக்கு என்னைப் பற்றி ஒரு நினைப்பு.

அவருடைய பயத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் அவர் கொல்லையைப் பார்த்தால் போதும். ஆனியில் முதல் மழை இறங்கி ஏர் பூட்டினால் நாங்களெல்லாம் வேர்க்கடலை ஒன்றைத்தான் மடியில் கட்டிக்கொண்டு போவோம். அவர் மனைவி கங்கம்மா மடியில் மட்டும் நாலைந்து முடிச்சு இருக்கும். ஆறு சால் கடலைக்கு ஒரு சால் துவரை. கடலைக்கு ஊடே அங்கங்கே கம்பு. சுற்றிலும் ஆமணக்கு. என் பக்கத்து வரப்பை ஒட்டி முழுநீளத்துக்கும் ஒரு சால் காராமணி. எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு பயம் வைத்திருப்பார். மழை பொய்த்துக் கடலை காய்ந்துபோனால் கம்பு நிற்குமாம். கம்பைக் கிளி தின்றுவிட்டால் துவரை இருக்குமாம். ஆடு வாய் வைக்காது என்று ஆமணக்கு. கடலையை யாருமே வாங்காமல் போனால் காராமணியைத் தின்றாவது உயிரோடு கிடக்கலாம்.

"ஒரே பயிரைப் போட்டுட்டு எப்டி தூங்கற சுப்பராயா நீ?" என்று கேட்பார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார்.

நான் நன்றாகத் தூங்கினேன். பஞ்சாயத்து யூனியனிலிருந்து மோசஸ் என்று ஒரு கிராம சேவக் சைக்கிளில் வருவார். நல்ல மனுஷர், வெயிலில் எங்களோடு நிற்பார். அவர் சொன்னபடி நான்கு ஏக்கரிலும் ஒரே கடலை விதை போட்டேன். விதைப்பு ஒரு நாள், களை ஒரு நாள், பிடுங்குவது ஒரு நாள். எண்ணெய் மில் லாரி கொல்லை ஓரத்துக்கே வந்து நிற்கும். தணிகாசலம் கொல்லையில் கடலை பிடுங்குகிற ஆட்கள் துவரையைச் சுற்றிச் சுற்றி முதுகு ஒடிவார்கள். துவரை தை மாதம் வரைக்கும் நிற்பதால் மறு உழவும் கிடையாது. ஏக்கருக்கு ஏக்கர் என் விளைச்சல்தான் எப்போதும் மேலே. இதை மறைத்து அவரைத் தூக்கி வைக்க எனக்கு ஆசை இல்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. அது அப்போது என் கண்ணில் படவில்லை. விதைத்துவிட்டு வந்தால் நான் கொல்லைப் பக்கம் போவது களை வெட்டுக்குத்தான். அவர் கொல்லையில் தினம் யாராவது குனிந்துகொண்டிருப்பார்கள். ஒரு நாள் கீரை கிள்ளுவார்கள், ஒரு நாள் ஆமணக்கு இலை திருப்புவார்கள். கம்பளிப் புழுவின் அந்துப்பூச்சி ஆமணக்கிலும் காராமணியிலும்தான் முதலில் முட்டை வைக்கும். தணிகாசலம் விடிந்ததும் இலை இலையாகத் திருப்பிப் பார்த்து, முட்டை இருக்கிற இலையைக் கிள்ளி மண்ணெண்ணெய்த் தண்ணீரில் போடுவார். பயந்தவனுக்கு வேறு என்ன வேலை என்று நான் சிரிப்பேன்.

முதல் பறி என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வரப்பை ஒட்டின சாலில் காராமணி முதல் தடவை பறிக்கும்போது, பறித்தவர்கள் அதைத் தங்கள் அடுப்பில் ஏற்றக் கூடாது. பக்கத்துக் கொல்லைக்காரனுக்கு முதல் பங்கு. பிறகு ஏர் ஓட்டியவர், களை வெட்டிய பெண்கள் என்று ஆறு வீட்டுக்குப் போக வேண்டும். கொடுக்காமல் விட்டால் மறு வருஷம் சால் பூக்காது என்பார்கள். அந்தப் பயம் தணிகாசலம் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1969, ஆடி மாதக் கடைசி. என் மனைவி மணியம்மாளுக்கு அப்போது நாலு மாசம். அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இது மூன்றாவது. அவள் தண்ணீர்க் குடம் தூக்கினால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் பயம்தான் என்று இப்போது தெரிகிறது.

அந்த வருஷம் புழு வந்தது. மேற்கே புறம்போக்கிலிருந்து இறங்கி, சிவப்பும் கறுப்புமாக, தரையே நகர்கிற மாதிரி வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் பார்த்தபோது என் கொல்லையில் அரை ஏக்கர் வெறும் காம்பாக நின்றது. குனிந்தால் அவை தின்கிற சத்தம் கேட்டது, மெல்லிய தூறல் விழுகிற சத்தம். நான்கு ஏக்கரிலும் அவற்றுக்குப் பிடித்த ஒரே தீனி, நடுவில் வேறொரு செடி கிடையாது. நாளை மறுநாள் ஒன்றும் மிஞ்சாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி விவசாய டிப்போவுக்கு ஓடினேன். மோசஸ் அங்கேயே இருந்தார். மருந்துப் புட்டியும், முதுகில் மாட்டிக்கொண்டு அடிக்கிற மெஷினும் வாங்கித் தந்தார்.

"சுப்பராயன், இது பொல்லாத மருந்து. அடிச்ச பத்து நாளைக்கு அந்தக் கொல்லையிலேர்ந்து ஒண்ணும் வாயில வெக்கக் கூடாது. தெரிஞ்சுதா?"

"கடலைச் செடியை யாரு சார் துன்னப்போறாங்க? காய் பூமிக்குள்ள கீது" என்றேன்.

அவரும் சிரித்தார். இரண்டு பேரும் என் கொல்லையை மட்டுமே நினைத்துக்கொண்டு பேசினோம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அடிக்க ஆரம்பித்தேன். மோசஸ் சொன்ன அளவைப் போல் பயத்தில் இரண்டு மடங்கு ஊற்றினேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்து நடந்து அடித்தேன். புழுக்கள் சுருண்டு விழுவதைப் பார்த்து ஒரு வெறியே வந்துவிட்டது. மேல்காற்று லேசாக வீசிக்கொண்டிருந்தது. நான் மேற்கே, தணிகாசலம் கொல்லை கிழக்கே. வரப்பை ஒட்டி அடிக்கும்போது பால் மாதிரி புகை அந்தப் பக்கம் போவதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அவர் சாலில் இருக்கிற புழுவும் சாகட்டும், கூலி இல்லாமல் நடக்கிறது என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு முடித்தேன். ஏரியில் குளித்துவிட்டு, மெஷினைத் திருப்பிக் கொடுக்க நேராகக் கும்மிடிப்பூண்டி போனேன். அங்கே நாஷ்டா சாப்பிட்டு, மோசஸிடம் பெருமை அடித்துவிட்டுத் திரும்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது. ஊருக்கு முன்னால், புளியமரத்துத் திருப்பத்தில் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். தலையில் துண்டு இல்லை.

"சுப்பராயா, நீ காலைல அடிச்சது இன்னா?"

"புழுவுக்கு மருந்துணா. இன்னா இப்போ?"

"அந்த வாசனை என் பொஞ்சாதி கையில அடிக்குது."

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. காலையில் அவர் பெரியபாளையம் கோயிலுக்குப் போய்விட்டார். ஆடி வெள்ளி, நல்ல நாள் என்று பத்து மணிக்குக் கங்கம்மா முதல் பறி பறித்திருக்கிறாள். இலை ஈரமாக இருந்ததை ராத்திரித் தூறல் என்று நினைத்திருக்கிறாள். கூடை நிறையப் பறித்து ஆறு வீட்டுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாள். முதல் பங்கு என் வீட்டுக்கு.

சைக்கிள் எப்படிக் கீழே விழுந்தது என்று தெரியாது. ஊருக்குள் ஓடிப் போய்க் கத்த வேண்டும், விஷம், யாரும் வாயில் வைக்காதீர்கள் என்று கத்த வேண்டும். அதைத்தான் சொன்னேன். தணிகாசலம் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி விடவில்லை.

"மருந்துன்னு கத்துனா மணியம்மா காதுல விழும். நாலு மாசம். ரெண்டு தரம் போயிடுச்சு. அவ துன்னாளோ இல்லியோ, பயத்துலயே போயிடும்டா."

"அப்போ இன்னாணா பண்றது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எங்க பங்காளி ஊட்டுல சாவுன்னு சொல்றேன். தீட்டு. தீட்டுப்பட்ட கையால பறிச்சது ஆவாது, குடுங்கன்னு வாங்கிக்கலாம். ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

இப்படி ஒரு யோசனை ஒரு பயந்தாங்கொள்ளிக்குத்தான் தோன்றும். பங்காளி வீட்டில் சாவு என்றால் பதினாறு நாள் தீட்டு. அந்த வீட்டுக் கையிலிருந்து ஊரில் யாரும் எதுவும் வாங்க மாட்டார்கள். வாங்கியிருந்தாலும் கொட்டிவிடுவார்கள். அது யாருக்கும் அவமானம் இல்லை.

முதல் வீடு களை வெட்டுகிற ஒருத்தி வீடு. காராமணியை நறுக்கிச் சட்டியில் போட்டிருந்தாள், அடுப்பு இன்னும் பற்றவில்லை. தணிகாசலம் வாசலுக்கு வெளியே நின்று சொன்னார்.

"செத்தது யாருணா?" என்று கேட்டாள்.

அவர் அதை யோசித்து வைக்கவில்லை. "கவரப்பேட்டைல பெரியப்பா மவன்... துளசிராமன்" என்றார்.

அவள் உச்சுக்கொட்டிவிட்டுச் சட்டியோடு கூடையில் கவிழ்த்தாள். அடுத்த வீட்டில் நறுக்காமல் அப்படியே இருந்தது. மூன்றாவது வீட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. நாலாவதிலும் ஐந்தாவதிலும் பூட்டியிருந்த கதவுக்கு முன்னால் நின்று, ஆட்கள் வரும்வரை காத்திருந்து வாங்கினோம். அந்த ஐந்து வீட்டிலும் யாரும் வாயில் வைத்திருக்கவில்லை. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் துளசிராமன் சாவை அவர் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தார். மாரடைப்பு என்றார், காலையில் என்றார். சொல்லிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உயிரோடு இருக்கிறவனைச் சாகடிக்கிறேனே, அது பலித்துவிடப் போகிறது என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

என் வீட்டைக் கடைசியாக வைத்தேன். ஏன் என்று கேட்டால், பயம்.

மணியம்மாள் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தேங்காய் போட்டுக் காராமணிப் பொரியல் செய்திருந்தாள். சட்டியில் பாதி இருந்தது.

"இன்னாத்துக்கு இப்டி மூச்சு வாங்குது உனக்கு? உக்காரு, சோறு போடறேன்" என்றாள்.

தணிகாசலம் வாசலிலிருந்து தீட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் முகம் சுருங்கியது. "தெரியாம துன்னுட்டேனே அண்ணா. ரெண்டு கரண்டிதான் துன்னேன். பிசுபிசுன்னு கெடந்துச்சின்னு ரெண்டு தரம் கழுவுனேன். தீட்டு ஒட்டுமா?"

"உனக்கு ஒண்ணும் ஒட்டாதும்மா" என்றார் அவர். குரல் உடைந்துவிட்டது. அவள் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு அவளுக்கு வாயில் தண்ணீர் ஊறியது. வியர்த்தது. பிறகு வாந்தி. "மசக்கைதான், பேஜாரு பண்ணாத" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அது மசக்கையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்தச் சந்தேகம் அப்போது ஊரில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான்.

தணிகாசலம்தான் வண்டி கட்டினார். ரோட்டுக்குப் போய் பஸ் பிடித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த பஸ்ஸில் அவர் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார், இன்னும் வேகமாகப் போகச் சொல்லிக் கெஞ்சுவதற்காக. டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு நான் உண்மையைச் சொன்னேன். அந்த ஒரு இடத்தில்தான் சொன்னேன். ஊசி போட்டார்கள், இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அவளிடம் பித்தம் என்று சொல்லச் சொன்னேன்.

"அம்மாவுக்கு ஆபத்து இல்லை. குழந்தையைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. பிறக்கும்போதுதான் தெரியும்" என்றார் டாக்டர்.

இன்னும் ஐந்து மாசம் இருந்தது.

அந்த ஐந்து மாசத்தில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அவள் தும்மினால் பயம். தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வயிற்றில் அசைவு இல்லை என்று அவள் விளையாட்டாகச் சொன்ன ஒரு நாள் கொல்லையில் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். என் கடலைச் செடியோ புழு இல்லாமல் கருகருவென்று தழைத்து நின்றது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

தணிகாசலம் தன் பொய்க்குத் தீட்டுக் காத்தார். கோயில் வாசலை மிதிக்கவில்லை, சவரம் செய்யவில்லை. பார்க்கிறவர்களுக்காகச் செய்த நடிப்பு இல்லை அது. காக்காவிட்டால் துளசிராமன் நிஜமாகவே செத்துவிடுவான் என்று பயம். கங்கம்மாவிடம் அவர் உண்மையைச் சொல்லியிருந்தார். அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள்.

ஒன்பது நாள் கழித்து, அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை, துளசிராமன் பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் ஒரு பை, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெற்றிலை மென்றுகொண்டு வந்தான். கோயிலுக்கு முன்னால் ஊரே நின்றது. அவனைப் பார்த்து முதலில் ஒரு பெண் அலறினாள்.

தணிகாசலத்தைக் கூட்டி வந்தார்கள். ஒன்பது நாள் தாடி. துளசிராமனை உயிரோடு பார்த்ததும் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது நிம்மதி. மற்ற யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும்.

"நான் செத்துட்டேன்னு உனக்கு யாரு சொன்னது?" என்று துளசிராமன் கேட்டான்.

"யாரோ வழியில சொன்னாங்க."

"யாரு?"

நாட்டாண்மையும் கேட்டார், தணிகாசலம் திரும்பவும் யாரோ என்றுதான் சொன்னார். கூட்டத்தில் ஒருவர், முதல் பறியைக் கொடுத்துவிட்டு மனசு ஆறாமல் திரும்ப வாங்கத்தான் இந்தச் சாவை ஜோடித்திருக்கிறான் என்றார். அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. நாலு கை காராமணிக்காக உயிரோடு இருக்கிற பங்காளியைக் கொன்ற மனுஷன். துளசிராமன் மண்ணை வாரித் தூற்றிவிட்டு, இனிமேல் உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை என்று அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டான்.

நான் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தேன். தணிகாசலம் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். பேசு என்று பார்க்கவில்லை. பேசிவிடாதே என்றுதான் பார்த்தார். என் பின்னால் பெண்கள் பக்கத்தில் மணியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அந்த நாளில் நான் வாய் மூடியிருந்ததற்கு அது காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு நாளுக்கு அது செல்லும்.

அதோடு அவர் வீட்டுக் கையிலிருந்து ஊரில் யாரும் எதுவும் வாங்குவதில்லை என்று ஆகிவிட்டது. கூட்டத்தில் அப்படி யாரும் முடிவு செய்யவில்லை. தானாக ஆயிற்று.

தை மாதம் பத்தாம் தேதி, காலையில் வலி எடுத்தது. மருத்துவச்சி உள்ளே போனாள். நான் வெளியே சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். எது பிறந்தாலும் சரி, மூச்சோடு பிறக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு அதையும் திருத்தினேன், முழுசாகப் பிறக்கட்டும் என்று. அழுகைச் சத்தம் வந்தது. துணியில் சுற்றிக் கொண்டுவந்ததும் நான் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களை எண்ணினேன். கையில், காலில், திரும்பவும் கையில். பெண் குழந்தை. சந்திரகலா. இப்போது ஒன்பது வயது. கும்மிடிப்பூண்டி பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போகிறாள்.

அன்றைக்கு வேலிக்கு வெளியே தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு அவர் வரக் கூடாது என்று பெண்கள் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"விரல் எல்லாம்?" என்றார்.

"எல்லாம் சரியா கீதுணா."

அவர் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். எழுந்து என் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை பேசாதே என்று பார்க்கவில்லை. இனிமேல் யாரும் பயப்பட ஒன்றும் இல்லை.

"நாளைக்கு நாட்டாண்மையாண்ட சொல்லிடறேன்ணா" என்றேன்.

"சரிப்பா" என்றார்.

மறுநாள் நான் போகவில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் வேலை என்று சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் யூனியன் ஆபீசில் விழா. அந்த வருஷக் கடலை விளைச்சலில் என் கொல்லைக்குப் பரிசு. மாலை போட்டு மேடையில் உட்காரவைத்தார்கள். புழுவை அழித்து ஒரே பயிரில் சாதித்த விவசாயி என்று மோசஸ் என்னைப் பற்றிப் பேசினார். அந்த மேடையிலிருந்து இறங்கி வந்து, அந்த மருந்தை என் பெண்டாட்டியின் வயிற்றுக்கே அனுப்பினேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மணியம்மாளின் முகத்தை நினைத்தேன். ஊரில் என்னை அடிப்பார்களோ என்று நினைத்தேன். போலீஸ் வரைக்கும் நினைத்தேன். நாள் போகப் போகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று, கடைசியில் முடியாததாக ஆயிற்று. மணியம்மாளுக்கு எழுத்து தெரியாது என்பதால்தான் இதைக்கூட இப்போது எழுதுகிறேன்.

தணிகாசலம் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. அடுத்த ஆடியில் காராமணி காய்த்ததும் கங்கம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஆறு வீட்டுக்கும் போனாள். ஆறு வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். என் வீட்டிலும் மணியம்மாள், "அவங்க குடுத்தத துன்னுதான் அன்னிக்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன், இல்லாத சாவ சொன்ன பாவம் சும்மா உடாது" என்று கதவைச் சாத்தினாள். நான் உள்ளேதான் இருந்தேன். களை வெட்டும் பெண்களும் அவர் கொல்லையில் கீரை கிள்ள இறங்குவதை நிறுத்திவிட்டார்கள். மூன்று வருஷம் அந்தச் சால் யாரும் பறிக்காமல் நெற்று முற்றி வெடித்துச் சிதறியது. முதல் பறி போகாமல் தன் அடுப்பில் ஏற்ற அவருக்குப் பயம். பக்கத்துக் கொல்லைக்காரன் கை நீட்டி வாங்கினால்தான் அந்த மாதிரிக் கொல்லை கொல்லையாக இருக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் புத்தியில் ஏறியது. என் கொல்லைக்கு மில் லாரி ஒன்று வந்தால் போதும், வேறு மனுஷர்கள் தேவையில்லை.

1973 ஆனியில் அவர் ஆமணக்கை வெட்டிப்போட்டார். துவரையும் இல்லை, கம்பும் இல்லை. இரண்டரை ஏக்கரிலும் வெறும் வேர்க்கடலை விதைத்தார். வரப்பின் இரண்டு பக்கமும் ஒரே பச்சையாக, யார் கொல்லை எது என்றே தெரியாமல் நின்றது.

ஆடியில் ஒரு நாள் காலை அவர் என் வாசலுக்கு வெளியே வந்து நின்றார். புழு இறங்கிவிட்டது என்றார். முட்டை பொறுக்கியிருக்கலாமே என்று கேட்டேன். எங்கே பொறுக்குவது, எல்லா இலையும் ஒன்றுதான், எதைத் திருப்புவது என்றார். மருந்தடிக்கிற மெஷினைக் கேட்டார். அதற்குள் நான் சொந்தமாக ஒன்று வாங்கியிருந்தேன்.

எடுத்துக்கொண்டு அவரோடு வரப்புக்குப் போனேன். மருந்துப் புட்டியை உடம்பிலிருந்து தள்ளி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார். முகத்தில் வியர்வை ஓடியது. மெஷினை அவர் முதுகில் மாட்டிவிட்டேன். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"இன்னிக்கி காத்து உன் பக்கம் அடிக்குதே" என்றார். "உன் பக்கத்துல யாராச்சும் இன்னாவாச்சும் பறிக்கிறாங்களா? நல்லா பாத்து சொல்லு."

"இல்லணா. வெறும் கடலைதான்."

"என் பக்கத்துலயும் கடலைதான். ஒண்ணும் ஆவாது இல்ல?"

நான் வாயைத் திறந்தேன். நாலு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது தொண்டை வரைக்கும் வந்து நின்றது. வரப்பில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று அவருக்கும் தெரிந்தது. புட்டியைப் பிடித்த கையைத் தாழ்த்திக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு டேங்க் தண்ணிக்கு ரெண்டு மூடி ஊத்துணா" என்றேன்.